இளம் விளையாட்டு வீரர்களின் புகைப்படப் போஸ்டர்: அறிகுறியைக் கொண்டு பிழையைக் களையும் வழிமுறை

பயிற்சியிலோ போட்டியிலோ எடுத்த படத்தைக் கொண்டு பிள்ளைகளுக்குப் போஸ்டர் வடிவமைக்கும்போது படங்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் கோளாறுகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே தந்திருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்தது கடைசியிலும் வருகின்றன. ஆகவே வரிசையை மாற்றாமல் சோதித்துக்கொண்டு வருவது நல்லது. போஸ்டரில் கண்ணுக்குப் படும் பிழை அநேகமாக அதற்கு முந்தைய ஒரு கட்டத்தில் நேர்ந்திருக்கும். அந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போய்த் திருத்துவதற்குச் சில நிமிடங்கள் போதும். மேலே பூசி மறைக்க முயன்றால் ஒரு நாள் முழுதும் போய்விடும். எந்தத் திருத்தத்தையும் அசல் கோப்பில் செய்யாமல் நகலில் செய்க.

## கைப்பேசியில் தெளிவாக இருந்த படம், போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கியதும் மங்குகிறது

### படம் முழுவதும் ஒரே சீராக மங்கலாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால்

முதலில் கேமராவைச் சந்தேகிக்க வேண்டாம். படம் எந்த வழியாக உங்களிடம் வந்தது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பப்பட்ட கோப்பு சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும். எச்டி என்று தேர்ந்து அனுப்பினாலும் சுருக்கம் குறையுமே தவிர நீங்காது. கோப்பின் விவரங்களைத் திறந்து பிக்சல் அளவைப் பாருங்கள். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4032×3024 என்றும், 24 மெகாபிக்சல் கேமராப் படம் 6000×4000 என்றும் காட்ட வேண்டும். நீண்ட பக்கம் 1600 என்றோ 1080 என்றோ இருந்தால், நடுவில் ஏதோ ஒரு செயலி அதைக் குறுக்கிவிட்டது என்று பொருள். எடுத்தவரிடமே கேட்டு, அதே படத்தை ‘டாக்குமென்ட்’ வடிவிலோ, கூகுள் டிரைவ் போன்ற சேமிப்பிடத்தின் வழியாகவோ மீண்டும் பெறுங்கள். மங்கல் என்று வரும் புகார்களில் பெரும் பகுதி இந்த ஒரு வேண்டுகோளிலேயே தீர்ந்துவிடும்.

அசல் கோப்பே கையில் இருந்தும் மங்கலாக இருந்தால் கணக்குப் போட வேண்டும். 24×36 அங்குலப் போஸ்டரில் அங்குலத்துக்கு 150 பிக்சல் வேண்டுமென்றால் 3600×5400 பிக்சல் தேவை. 6000×4000 பிக்சல் படம் இதற்குத் தாராளம் என்று தோன்றும். ஆனால் அது கிடைமட்டப் படம். அதிலிருந்து நெடுக்காக வெட்டினால் எஞ்சுவது 2667×4000 பிக்சல்தான், அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 111. இதைவிட முக்கியமானது, வீரர் மட்டும் எத்தனை பிக்சல் என்பது. மைதானத்தின் ஓரத்தில் நின்று எடுத்த படத்தில் ஓடும் பிள்ளையின் உயரம் 1500 பிக்சல் என்றும், போஸ்டரில் அவர் 30 அங்குல உயரத்தில் நிற்க வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், அங்குலத்துக்குக் கிடைப்பது வெறும் 50 பிக்சல். ஆகவே உச்சந்தலையிலிருந்து காலணி வரை அளவுகோல் கருவியால் அளந்து, அந்த எண்ணைப் போஸ்டரில் வரவேண்டிய அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள். சுவரில் மாட்டிச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் போஸ்டருக்கு 150 நன்று, 100 ஒப்புக்கொள்ளலாம், அதற்குக் கீழே போனால் வீரரின் உருவத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது போஸ்டரையே 12×18 அங்குலமாகக் குறையுங்கள்.

கோப்பில் 72 என்று எழுதியிருக்கும் அடர்த்தியை 300 என்று மாற்றி எழுதி அனுப்பும் வழக்கம் ஒன்று உண்டு. அதனால் படத்துக்குள் ஒரு பிக்சல்கூடப் புதிதாக வராது. அச்சகத்தார் கேட்கும் எண்ணைக் காட்டியதாக ஆகும், அவ்வளவே.

### வீரர் மட்டும் மங்கலாக இருந்து, சுற்றுப்புறம் தெளிவாக இருந்தால்

படத்தை 100 விழுக்காட்டில் வைத்துப் பின்னாலிருக்கும் வேலிக்கம்பி, வலை, புல் ஆகியவற்றைப் பாருங்கள். அவை கூர்மையாகவும் முகம் மென்மையாகவும் இருந்தால் குவியம் (ஃபோகஸ்) பின்னால் விழுந்திருக்கிறது. மங்கல் ஒரு திசையில் கோடாக இழுபட்டிருந்தால் அது அசைவு. ஷட்டர் வேகம் போதவில்லை. இரண்டையும் கூர்மையாக்கும் கருவியால் சரிசெய்ய முடியாது. முகத்தின் ஓரங்களில் வெள்ளைக் கோடு ஏறுவதுதான் மிச்சம். தொடர்ச்சியாக எடுத்த வரிசையில் முன்னும் பின்னும் உள்ள படங்களைக் கேட்டுப் பாருங்கள். நொடிக்குப் பல படங்கள் எடுக்கும் கேமராவில் அடுத்த படமே தெளிவாக இருக்கக்கூடும்.

கை, மட்டை, பந்து ஆகியவை மட்டும் மங்கி, கண்கள் தெளிவாக இருந்தால் அதைப் பிழையாகக் கொள்ள வேண்டியதில்லை. அந்த மங்கலில்தான் வேகம் தெரிகிறது; அப்படியே விட்டுவிடுங்கள்.

மாற்றுப் படமே இல்லையென்றால் மீண்டும் எடுப்பதே வழி. ஓட்டத்தை உறைய வைக்க 1/1000 நொடி என்று தொடங்குங்கள். 1/500-க்குக் கீழே இறங்க வேண்டாம். கைப்பேசியில் விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுப்பதைவிட நெருங்கிச் சென்று எடுப்பது மேல்.

## செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கிய முகம், பிள்ளையின் முகமாக இல்லை

முகத்தின் அசல் அகலம் 60, 80 பிக்சல் என்ற அளவில் இருக்கும்போது, பெரிதாக்கும் மென்பொருள் இல்லாத விவரத்தைத் தானே கற்பனை செய்து நிரப்பும். பல்வரிசை சீராகும், இமைமுடி கூடும், கன்னத்து மச்சம் மறையும். அழகான முகமாகத்தான் இருக்கும். ஆனால் தாய் பார்த்ததும் இது என் பிள்ளை இல்லை என்பார்.

பெரிதாக்கும் அளவை 4 மடங்கிலிருந்து 2 மடங்காகக் குறைத்துப் பார்ப்பது முதல் சோதனை. முகத்தைச் சீர்செய்யும் தெரிவு தனியாக இருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு அசல் படத்தை அதே அளவுக்குச் சாதாரணமாகப் பெரிதாக்கி மேலே ஒரு லேயராக (தனியே திருத்தக்கூடிய அடுக்காக) வைத்து, முகப் பகுதியில் மட்டும் அதை 40 முதல் 60 விழுக்காடு தெரியவிடுங்கள். விரல்களையும் ஜெர்சி எண்ணையும் காலணிப் பட்டைகளையும் தனித்தனியே பார்க்க மறக்க வேண்டாம். துணி மடிப்பில் விழுந்த 3, பெரிதாக்கிய பின் 8 ஆகிவிடுவது உண்டு. இத்தனைக்குப் பிறகும் முகம் ஒட்டவில்லையென்றால் அந்தப் படத்தில் முகத்தை முதன்மையாக வைக்காதீர்கள். வீரரைப் பக்கவாட்டு நிழலுருவாகவோ, முதுகுப்புறமாக எண் தெரியும்படியோ அமைத்தால், சிறிய கோப்பிலிருந்தும் மதிக்கத்தக்க போஸ்டர் வரும்.

## வெட்டியெடுத்த உருவத்தைச் சுற்றி வெள்ளை அல்லது பச்சை விளிம்பு தெரிகிறது

வெள்ளைப் பின்னணியில் வேலை செய்யும்போது தெரியாத விளிம்பு, கறுப்புப் போஸ்டரில் வைத்ததும் பளிச்சென்று தெரியும். உருவத்தின் லேயருக்குக் கீழே தற்காலிகமாக ஒரு முழுக் கறுப்பு லேயரும் ஒரு முழு வெள்ளை லேயரும் வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தப் போஸ்டரையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

### விளிம்பு எங்கும் ஒரே தடிமனில் மெல்லிய கோடாக இருந்தால்

உருவத்தை வெட்டியெடுக்கக் குறித்த எல்லை ஓரிரு பிக்சல் வெளியே போயிருக்கிறது. மாஸ்க்கை (லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பை) 1 அல்லது 2 பிக்சல் உள்ளே சுருக்கி, 0.5 பிக்சல் அளவுக்கு மென்மையாக்கினால் போதும். போட்டோஷாப்பில் ‘டீஃபிரிஞ்ச்’ கட்டளையும் இதையே செய்யும். ஆனால் அது லேயரின் நிறங்களையே மாற்றிவிடுவதால், மாஸ்க்கைச் சுருக்குவதையே நான் விரும்புகிறேன். அழிப்பானால் ஓரத்தை அழிப்பது மட்டும் வேண்டாம். அழித்தது போனதுதான், பின்னால் காது வேண்டுமென்றால் கிடைக்காது.

### விளிம்பு பச்சையாகவோ ஆடுகளத்தின் நிறமாகவோ இருந்தால்

இது எல்லை குறித்ததன் பிழை அன்று. புல்வெளியில் பட்ட வெயில் எதிரொளித்து வெள்ளைக் காலுறையிலும் முழங்காலின் உட்புறத்திலும் தாடையின் அடியிலும் பச்சை ஏற்றியிருக்கிறது. மாஸ்க்கைச் சுருக்கச் சுருக்கக் கால்தான் மெலியும், பச்சை போகாது. ‘செலக்ட் அண்ட் மாஸ்க்’ பகுதியில் ‘டீகன்டாமினேட் கலர்ஸ்’ என்ற தெரிவைச் சிறிய அளவில் முயலுங்கள். மீதியிருந்தால் உருவத்தின் மேல் மட்டும் செயல்படுமாறு நிறச்செறிவைக் குறைக்கும் லேயர் ஒன்றை ஒட்டி, அதில் பச்சை, மஞ்சள் இரண்டை மட்டும் இறக்கி, தேவைப்படும் இடங்களில் தூரிகையால் வெளிப்படுத்துங்கள்.

### தலைமுடி கத்தரித்த காகிதம்போல் இருந்தால்

வேர்த்து நெற்றியில் ஒட்டிய முடிக்கு எந்தத் தந்திரமும் தேவையில்லை. காற்றில் பறக்கும் முடிதான் சோதிக்கும். விளிம்பைச் செம்மைப்படுத்தும் தூரிகையை முடியின் ஓரத்தில் மட்டும் ஓட்டுங்கள், தோளிலும் கையிலும் வேண்டாம். அப்படியும் சரிவராவிட்டால் முடியைச் சற்று உள்ளே வெட்டிவிட்டு, 1 அல்லது 2 பிக்சல் தூரிகையால் சில இழைகளை மயிர்க்காலிலிருந்து வெளிநோக்கி வரையலாம். பின்னணியை அசல் பின்னணியின் வெளிச்சத்துக்கு ஒத்ததாகத் தேர்ந்துகொண்டால் பாதி வேலை குறையும்: வெளிர்வானத்துக்கு முன் எடுத்த முடி, புகைமூட்டமான வெளிர் பின்னணியில் இயல்பாகவே உட்காரும்.

### காலணி புல்லுக்குள் புதைந்து, பாதி வெட்டுப்பட்டு நின்றால்

காலணியைத் தேடி வரைய முயல வேண்டாம். புழுதி, புகை, புல்நுனி என்று போஸ்டரின் கருவுக்குப் பொருந்தும் ஏதேனும் ஒன்றால் பாதத்தை மூடுங்கள், அல்லது முழங்காலுக்குக் கீழே உருவம் கரைந்து போகும்படி மாஸ்க்கில் படிநிறம் (ஒரு நிறம் மற்றொன்றாகப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட்) கொடுங்கள்.

வலைக்குப் பின்னாலிருந்து எடுத்த படம், முகத்தின் குறுக்கே கம்பி விழுந்த படம் ஆகியவற்றைப் புகைப்படத் திருத்தத்தில் தேர்ந்த ஒருவரிடம் கொடுப்பதே மேல். கன்னத்தில் கடக்கும் கம்பியை நீக்கலாம். கண்ணைக் கடக்கும் கம்பியை நீக்கினால் பார்வையே மாறிப்போகும்.

## உருவம் பின்னணியில் ஒட்டவில்லை, மேலே வெட்டி ஒட்டியது போலிருக்கிறது

வாடிக்கையாளர் ‘என்னவோ சரியில்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தும் இடம் இது. காரணங்களை இந்த வரிசையில் சோதியுங்கள்.

முதலாவது, ஒளியின் திசை. பிள்ளையின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தொப்பியின் நிழல் எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பாருங்கள். உச்சிவெயிலில் எடுத்த முகத்துக்குப் பக்கவாட்டில் எரியும் மைதான விளக்குகளைப் பின்னணியாக வைத்தால் எத்தனை வேலை செய்தாலும் ஒட்டாது. மாற்ற எளிதானது பின்னணிதான். அதை இடவலமாகத் திருப்பியோ, வேறொன்றைத் தேர்ந்தோ ஒளியை ஒத்துப்போகச் செய்யுங்கள். வீரரின் உருவத்தைத் திருப்புவதன் ஆபத்து பின்னால் தனித் தலைப்பில் வருகிறது.

இரண்டாவது, அடிவானத்தின் உயரம். கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில்தான் அடிவானம் உருவத்தைக் கடக்க வேண்டும். மண்டியிட்டு இடுப்புயரத்தில் கேமராவை வைத்து எடுத்திருந்தால், பின்னணி மைதானத்தின் அடிவானக் கோடு வீரரின் இடுப்பை ஒட்டிச் செல்ல வேண்டும். அது தலைக்கு மேலே சென்றால் பிள்ளை பள்ளத்தில் நிற்பதுபோலத் தெரியும். பின்னணியை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். பல போஸ்டர்களில் இந்த ஒரு நகர்த்தலே போதுமானதாக இருக்கிறது.

மூன்றாவது, தரையில் விழும் நிழல். ஒரே நிழல் போதாது. காலணி தரையைத் தொடும் இடத்தில் மிக மெல்லிய, மிகக் கரிய கோடு ஒன்று. அதைச் சுற்றி அகன்று மங்கிப் பரவும் நிழல் இன்னொன்று. தாவும் நிலையில் இருக்கும் வீரருக்கு முதல் நிழல் கூடாது. இரண்டாவது நிழல் பாதத்திலிருந்து விலகி, தரையில் தனியே விழ வேண்டும். நிழலுக்கு முழுக் கறுப்பைப் பயன்படுத்தாமல், தரையின் நிறத்தையே இருட்டாக்கிப் பயன்படுத்துங்கள்.

நான்காவது, நிறத்தின் வெம்மையும் இரைச்சலின் (படத்தில் மணல்போலத் தெரியும் புள்ளிகளின்) பருமையும். மாலை வெயிலில் எடுத்த முகம் மஞ்சளாகவும் இணையத்தில் கிடைத்த பின்னணி நீலமாகவும் இருந்தால் இரண்டின் மேலும் ஒரே நிற லேயர் ஒன்றை மெல்லியதாகப் பரப்புங்கள். அதேபோல் வீரரின் படத்தில் இரைச்சல் மிகுந்தும் பின்னணி கண்ணாடி போல வழுவழுப்பாகவும் இருந்தால், எல்லாம் முடிந்த பின் முழுப் போஸ்டரின் மேலும் சிறிதளவு இரைச்சலைச் சேர்த்தால் இரண்டும் ஒரே கேமராவில் எடுத்தவைபோல் இணையும். முகத்தின் இரைச்சலை முற்றாகத் துடைத்துப் பொம்மைபோல் ஆக்குவதைவிட இது நல்ல வழி.

இவ்வளவுக்கும் பிறகு ஒட்டவில்லையென்றால், பின்னணியைக் கைவிட்டு ஒற்றை நிறத்திலோ பெரிய எண்ணின் மீதோ வீரரை நிறுத்துங்கள். அதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. அதிரடிப் புகையும் மின்னலும் நிறைந்த போஸ்டர்களைவிட அவை சுவரில் அதிக நாள் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

## உள்ளரங்கில் எடுத்த படங்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், அல்லது குறுக்கே இருட்டுப் பட்டை

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. 1/1000 நொடியில் எடுக்கும்போது மினுக்கத்தின் ஒரு துண்டு மட்டுமே பதிவதால் அடுத்தடுத்த படங்கள் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று இருட்டாகவும் வருகின்றன. கையிலிருக்கும் படங்களில் சீரான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிறம் மட்டும் மாறியிருந்தால் வெள்ளைச் சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைச் சீராக்கும் அமைப்பை) திருத்தலாம். முகத்தின் குறுக்கே பட்டை விழுந்திருந்தால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடுங்கள். மறுமுறை எடுப்பவரிடம் கேமராவின் மினுக்கத் தடுப்பு வசதியை இயக்கச் சொல்லுங்கள். நின்ற நிலையில் எடுக்கும் படங்களுக்கு 1/100 நொடி போதும்.

## அச்சில் நிறம் மாறுகிறது

### எல்லா நிறங்களும் சோர்ந்து வெளுத்திருந்தால்

கோப்பில் நிறக் குறிப்பு (எண்களை எந்த நிறங்களாகக் கொள்வது என்று சொல்லும் ப்ரொஃபைல்) இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பரந்த வீச்சுள்ள அடோபி ஆர்ஜிபியில் இருக்கும் படத்தைத் திரைகளில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்று கருதித் திறந்தால் நிறங்கள் மங்கும். ‘கன்வெர்ட் டு ப்ரொஃபைல்’ மூலம் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, குறிப்பை இணைத்துச் சேமியுங்கள். ‘அசைன் ப்ரொஃபைல்’ வேறு வேலை செய்வது. அது எண்களை அப்படியே வைத்துப் பொருளை மாற்றும்.

### ஜெர்சியின் குறிப்பிட்ட நிறம் மட்டும் மாறினால்

ஒளிரும் பச்சை, ஒளிரும் ஆரஞ்சு, கடும் நீலம் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் ஏமாற்றும். விளையாட்டுத் துணிகளில் இவை மிகுதி. சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை அச்சின் வீச்சுக்குள் இவை அடங்குவதில்லை. போட்டோஷாப்பில் ‘ப்ரூஃப் கலர்ஸ்’ காட்சியை இயக்கினால் அச்சில் வரப்போகும் நிறம் ஓரளவு திரையிலேயே தெரியும். நீலம் ஊதாவாக மாறினால் மெஜந்தா மிகுந்திருக்கிறது. சயனைவிட மெஜந்தா ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருக்குமாறு இறக்குங்கள். ஒளிரும் பச்சையை அதே நிறத்தில் பெற முயல்வது வீண். சுற்றியுள்ள நிறங்களைச் சற்று இருட்டாக்கினால் அது ஒளிர்வதாகக் கண்ணுக்குப் படும். அணியின் நிறம் துல்லியமாக வந்தே ஆகவேண்டும் என்று பொறுப்பாளர்கள் வற்புறுத்தினால், தனி மை வசதியுள்ள அச்சகத்தாரிடம் பேச வேண்டிய கட்டம் அது. செலவும் அதற்கேற்ப ஏறும்.

அச்சகத்துக்கு ஆர்ஜிபி (திரையின் நிறமுறை) வேண்டுமா, சிஎம்ஒய்கே (நான்கு மை நிறமுறை) வேண்டுமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புகைப்படத் தாளில் அச்சிடும் பல இயந்திரங்கள் ஆர்ஜிபியைத்தான் எதிர்பார்க்கின்றன. நீங்களாக மாற்றி அனுப்பினால் இருமுறை மாற்றம் நேரும்.

### போஸ்டர் திரையில் கண்டதைவிட இருட்டாக இருந்தால்

கோப்பைக் குறை சொல்லும் முன் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் வைத்த மடிக்கணினித் திரையில் தொப்பி நிழலுக்குள் இருக்கும் கண்கள் தெளிவாகத் தெரியும். தாளில் அவை கரும்புள்ளிகள் ஆகிவிடும். நிழற்பகுதிகளை மட்டும் உயர்த்துங்கள், முகம் முழுவதையும் அன்று. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: தோலின் நிறத்தை வெளுக்கச் செய்வது இருட்டைத் திருத்துவது ஆகாது. கருநிறப் பிள்ளையின் கன்னத்திலும் தோளிலும் விழும் வெளிச்சப் புள்ளிகளைக் காப்பாற்றினாலே முகம் உயிரோடு இருக்கும். வெளுக்க வெளுக்க அது சாம்பலாகிவிடும்.

முழுப் போஸ்டரையும் அச்சிடுவதற்கு முன், முகமும் ஜெர்சியும் சேர்ந்த ஒரு பகுதியை அதன் உண்மை அளவிலேயே ஏ4 தாளில், அதே இயந்திரத்தில், அதே வகைத் தாளில் அச்சிட்டுப் பாருங்கள்.

### கறுப்பு, சாம்பல் நிறமாக வெளிறினால்

ஆஃப்செட் அச்சில் கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடு கொண்ட பெரிய பரப்பு வெளிறித் தெரியும். அதனுடன் சயன் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 சேர்த்தால் ஆழம் வரும். ஆனால் மொத்த மை வரம்பை அச்சகத்தாரிடம் கேட்டுக்கொண்டே இதைச் செய்யுங்கள். சிறிய எழுத்துகளுக்கு இந்தக் கலவை கூடாது. நான்கு மையும் சற்றே விலகினால் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும்.

## அச்சில் கோடுகளோ படிப்படியான பட்டைகளோ தெரிகின்றன

கோளாறு கோப்பிலா இயந்திரத்திலா என்று அறிய எளிய சோதனை உண்டு. கோப்பை 90 பாகை திருப்பிச் சிறிதாக அச்சிடுங்கள். கோடுகள் படத்தோடு சேர்ந்து திரும்பினால் கோப்பில் பிழை. தாளின் அதே திசையிலேயே நின்றால் இயந்திரத்தில் பிழை.

கோப்பில் என்றால் அது பெரும்பாலும் நிறப் படிகள் குறைவான 8 பிட் கோப்பில் நீண்ட படிநிறம் போட்டதன் விளைவு. படிநிறத்தின் மேல் 1 அல்லது 2 விழுக்காடு இரைச்சல் சேர்த்தால் பட்டைகள் கரையும். தொடக்கத்திலேயே 16 பிட்டில் வேலை செய்வது இன்னும் நல்லது. இயந்திரத்தில் என்றால், சொந்த இங்க்ஜெட்டில் முதலில் தாள் வகை சரியாகத் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; பிறகு மைத்துளைச் சோதனையை அச்சிடுங்கள். இடைவெளி இருந்தால் முனையைச் சுத்தம் செய்யும் கட்டளையை இரண்டு மூன்று முறை ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்டுவது மையைக் கழிவுப் பஞ்சில் ஊற்றுவதே. பழுது பார்ப்பவரை அழைத்துவிடுங்கள்.

## தமிழ்ப் பெயர் சிதைந்து வருகிறது

### ‘ெ’, ‘ே’, ‘ை’ குறிகள் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றால்

மென்பொருள் தமிழைக் கோக்கத் தெரியாத அமைப்பில் இருக்கிறது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் விருப்ப அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குச் சென்று ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்பதைத் தேர்ந்து, மென்பொருளை மூடித் திறந்து, பெயரைப் புதிய எழுத்து லேயரில் தட்டச்சிடுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேருங்கள்.

### ஆங்கில எழுத்துக் குப்பையாகவோ கட்டங்களாகவோ வந்தால்

பெயரை எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரிந்தால், அது பாமினி போன்ற ஒருங்குறி அல்லாத எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டது. மாற்றியால் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நோட்பேடில் தமிழாகவே தெரிந்து, போஸ்டரில் மட்டும் கட்டமாக இருந்தால், தேர்ந்தெடுத்த அலங்கார எழுத்துருவில் தமிழே இல்லை.

உங்கள் கணினியில் சரியாக இருந்து அச்சகத்தில் சிதைந்தால், எழுத்துகளை வெளிக்கோட்டு உருவங்களாக மாற்றிய பிடிஎஃப் ஒன்றை அனுப்புங்கள். மாற்றிய பின் பெயரைத் திருத்த முடியாது என்பதால், எழுத்தாக உள்ள பிரதியைத் தனியே வைத்திருங்கள். பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளாமல் பெற்றோர் கைப்பட எழுதி அனுப்பியதைப் பார்த்தே தட்டச்சிடுங்கள். ‘ஹரிணி’யா ‘அரிணி’யா, ‘தர்ஷன்’ஆ ‘தர்சன்’ஆ என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள், தலைப்பெழுத்தையும் அப்படியே கேட்டு வாங்குங்கள்.

## பிள்ளை இடக்கையால் ஆடுகிறார், எண் இடவலம் மாறி நிற்கிறது

அமைப்பு நன்றாக வருகிறதென்று உருவத்தை இடவலமாகத் திருப்பியிருக்கிறீர்கள். எண்ணை மட்டும் மறுபடி திருப்பி ஒட்டினால் பிழை மறைந்ததாகத் தோன்றும். ஆனால் வலக்கைப் பந்துவீச்சாளர் இடக்கையராகவே நிற்பார், நெஞ்சிலிருக்கும் சின்னம் மறுபக்கம் போயிருக்கும். உருவத்தை மீண்டும் சரியாகத் திருப்பி, பின்னணியையும் எழுத்தையும் அதற்கேற்ப மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

## அணிப் போஸ்டரில் ஒருவர் பூதாகாரமாகவும் மற்றொருவர் குள்ளமாகவும் தெரிகிறார்கள்

தனித்தனியே எடுத்த படங்களைத் தலை முதல் கால் வரை ஒரே உயரத்துக்கு இழுத்ததால் வருவது. முழு உயரத்தை விட்டுவிட்டுத் தலையின் அளவை ஒத்துப்போகச் செய்யுங்கள். வயது நெருங்கிய பிள்ளைகளின் தலையளவில் வேறுபாடு சிறிதே என்பதால் உடலின் உண்மை உயர வேறுபாடு தானே வெளிப்படும். அதன் பிறகும் சிலர் வளைந்து தெரிந்தால், கைப்பேசியின் அகலக் கோணத்தில் அருகிலிருந்து எடுத்திருப்பார்கள். எல்லோரையும் ஒரே தொலைவில், ஒரே லென்சில், ஒரே கேமரா உயரத்தில் மறுபடி எடுப்பதே தீர்வு. பயிற்சியாளரிடம் உயர வரிசையை எழுதி வாங்கிக்கொள்வது உதவும். இரண்டு அங்குலம் குறைத்துக் காட்டப்பட்ட பிள்ளை அதை மறக்க மாட்டார்.

## பெயரின் கடைசி எழுத்தோ காலணியோ ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டது

மூன்று பக்கமும் சரியாக இருந்து ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டால், வெட்டும் இயந்திரத்தின் விலகல். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் பரப்பு விட்டு, முக்கியமான எதையும் ஓரத்திலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டர் உள்ளே வையுங்கள். எதிரெதிர் இரு பக்கங்களும் வெட்டுப்பட்டால் விகிதம் பொருந்தவில்லை. 24×36 அங்குலத்தின் விகிதம் 2:3. 18×24 அங்குலத்தின் விகிதம் 3:4. ஏ2, ஏ3 தாள்களுக்கு ஏறத்தாழ 1:1.414. ஒன்றுக்காக வடிவமைத்ததை மற்றொன்றில் அச்சிடச் சொன்னால் ஏதாவது ஒன்று போகும். அளவை உறுதி செய்த பிறகே வடிவமைக்கத் தொடங்குங்கள்.

## அச்சகத்தில் கோப்பு திறக்கவில்லை

போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு 2 ஜிபியைத் தாண்டினால் சேமிக்க இயலாது. பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பி வடிவில் சேமிக்கலாம், ஆனால் அச்சகத்துக்கு அதை அனுப்ப வேண்டாம். எல்லா லேயர்களையும் ஒன்றாக்கிய நகலை டிஃப் அல்லது பிடிஎஃப் வடிவில் அனுப்புங்கள்.

## போஸ்டர் தயாரான பின் பெற்றோரோ புகைப்படக்காரரோ மறுக்கிறார்கள்

தொழில்நுட்பப் பிழைகள் எல்லாவற்றையும்விட இதுதான் செலவு மிகுந்தது. காரணம் எளியதாக இருக்கலாம்: பிள்ளையின் முகத்தையோ உடலையோ கேட்காமல் மெலிய வைத்திருப்பீர்கள், அல்லது கீழே விழும் கணத்தில் எடுத்த படத்தைத் தேர்ந்திருப்பீர்கள். படத்தை மாற்றினால் போதும். நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற ஆட்டங்களில் எந்தப் படம் என்பதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே வெட்டத் தொடங்குங்கள்.

முழுப்பெயர், பள்ளி, வயது மூன்றும் ஒரே போஸ்டரில் சேர்ந்து, அது இணையத்திலும் பகிரப்படும் என்பதே சிக்கல் என்றால், வீட்டுச் சுவருக்கு ஒரு பிரதியும், பெயரும் எண்ணும் மட்டும் உள்ள இணையப் பிரதி ஒன்றுமாக இரண்டு செய்யுங்கள். பகிரும் கோப்பிலிருந்து படம் எடுத்த இடத்தைக் காட்டும் தகவலை நீக்கிவிடுங்கள்.

படத்தை எடுத்தவர் வேறொருவர் என்றால் பெற்றோரின் அனுமதி மட்டும் போதாது. அவருடைய அனுமதியும் எழுத்தில் வேண்டும். குழுப் படத்திலிருந்து ஒரு பிள்ளையை வெட்டியெடுக்கும்போது மற்றவரின் கையோ முகமோ ஓரத்தில் எஞ்சாமல் பாருங்கள். போஸ்டர் விற்பனைக்கோ, விளம்பரத்துக்கோ, நன்கொடையாளரின் சின்னத்தோடு வெளிவருவதற்கோ என்றால், அணியின் சின்னத்தைப் பயன்படுத்தும் உரிமையும் சேர்ந்துகொள்கிறது. அந்த நிலையில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளியும்வரை கோப்பை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்தி வையுங்கள்.